லாயர் மேல் மனக்குறையா? வழக்கைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்

"கூப்பிட்டா எடுக்கிறதே இல்லை", "பில்லு மட்டும் கரெக்டா வந்துடுது", "கோர்ட்டுல எனக்காக வாயே திறக்கலை". சிங்கப்பூரில் லாயர் வைத்து வழக்கு நடத்தும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த மூன்றில் ஒன்றாவது வந்து விழும். குறைகளில் நியாயம் இருக்கலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு குறைகள், அவற்றுக்குப் போக வேண்டிய இடங்களும் வெவ்வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கோபத்தில் எங்காவது இறக்கிவைப்பதுதான் முதல் தவறு. லாயரோடு நீங்கள் மல்லுக்கட்டும் நேரத்திலும் நீதிமன்றக் கெடு நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பதில் வராத விஷயத்தை முதலில் பார்ப்போம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கட்சிக்காரருக்கு உரிய முறையில் தெரிவித்துவர வேண்டியது லாயரின் கடமை. 2015ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகளிலேயே அது இருக்கிறது. அதனால் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் பதிவுகள், அதில் பாதி மச்சான் சொன்னது, மீதி பக்கத்து வீட்டு அக்கா கேட்கச் சொன்னது. மறுநாள் காலை ஹேவ்லாக் ஸ்குவேர் நீதிமன்றத்தில் வேறொரு விசாரணைக்கு நிற்பவர் அதையெல்லாம் கேட்டுப் பதில் போடுவாரா?

வழக்கு எண்ணைத் தலைப்பில் போட்டு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். "எதிர்த்தரப்பின் அஃபிடவிட் வந்துவிட்டதா? அடுத்த விசாரணை என்றைக்கு, நான் வர வேண்டுமா? என் பக்கம் என்ன ஆவணம் பாக்கி? வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தால் நல்லது." இவ்வளவு போதும். (அஃபிடவிட் என்பது சத்தியம் செய்து கையெழுத்திடும் எழுத்து வாக்குமூலம்.) பதில் வந்தால் சரி. வராவிட்டால், பின்னால் புகார் என்று போகும்போது இந்த மின்னஞ்சல்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. போனில் கத்தியதற்கு அப்படி எந்தத் தடயமும் இருக்காது. அதுமட்டுமல்ல, மணிக்கணக்கில் கட்டணம் என்றால் கத்திய நேரத்துக்கும் பில் வரும். பல அலுவலகங்களில் ஆறு நிமிடம்தான் ஒரு யூனிட். மணிக்கு 500 வெள்ளி என்றால், பத்து நிமிடப் பேச்சு இரண்டு யூனிட் ஆகி 100 வெள்ளியில் வந்து நிற்கும்.

லாயர் அனுப்பிய ஆலோசனைக் கடிதத்தை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கும் லாயருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நாலு பேருக்கு நீங்களே அனுப்பிவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணலாம். விவாகரத்து வழக்கில், அந்தக் குழுவில் எதிர்த்தரப்புக்கு வேண்டப்பட்டவர் ஒருவர் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு நேர்வது வேறு கதை. வேலையிடத்தில் அடிபட்டவரை "நல்ல லாயர் இருக்கார், வாங்க தம்பி" என்று ஓர் ஆள் கூட்டிப்போவார். அதற்குப்பின் எல்லாச் செய்தியும் அந்த ஆள் வழியாகவே வரும். லாயரின் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார் இந்தத் தம்பி. ஆள் பிடித்துத் தருபவருக்கு லாயர் கமிஷன் கொடுப்பது இங்கே தொழில் விதிகளுக்கே விரோதம். கிடைக்கும் நஷ்ட ஈட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசவும் லாயருக்கு அனுமதி கிடையாது. அப்படி ஒரு பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடலாம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சில் கோரிக்கை வைக்க லாயரே தேவையில்லை, ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடுவதென்றால் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இரண்டில் ஒரு வழியில்தான் இழப்பீடு வாங்க முடியும். லாயர் எந்த வழியைப் பிடித்திருக்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் காசு. முதல் நாள் கையெழுத்து வாங்கும் 'வாரண்ட் டு ஆக்ட்' தாளையும் (உங்களுக்காக வழக்கு நடத்த லாயருக்கு அதிகாரம் கொடுப்பது) கட்டண ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து "இவ்வளவு ஆகும்னு சொல்லவே இல்லையே" என்பதில் பயனில்லை. கட்டணம் எந்த அடிப்படையில் என்று விளக்குவது லாயரின் பொறுப்பு, கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம். பில் அதிகம் என்று தோன்றினால் விவரப் பட்டியல் கேளுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் பில் தொகை நியாயமா என்று நீதிமன்றத்தில் மதிப்பீடு செய்யச் சொல்லலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பில் கைக்கு வந்து 12 மாதம் தாண்டிவிட்டாலோ, பணத்தைக் கட்டிவிட்டாலோ, விசேஷக் காரணம் காட்டினால்தான் மதிப்பீட்டுக்கு வழி. முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவது நம்மிடையே சகஜம். அதுவே பிறகு எதிராக நிற்கும்.

"எனக்காகப் பேசவில்லை" என்கிற மூன்றாவது குறையைக் கொஞ்சம் தோண்டினால் பல நேரம் அஃபிடவிட்டில் போய் முடியும். நீதிமன்றத்தில் வாயால் சொல்வதைவிட எழுத்தில் போவதே அதிகம், குறிப்பாகச் சொத்துப் பிரிப்பிலும் ஜீவனாம்சத்திலும். ஆங்கிலம் தடுமாறுகிற ஒருவர் "எல்லாம் சரியாத்தானே இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். மத்திய சேமநிதித் தொகை தப்பாக இருந்ததும், வீட்டு முன்பணத்துக்கு நகை விற்றுக் கொடுத்தது விட்டுப்போனதும் தீர்ப்பு வந்த பிறகுதான் தெரியும். கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாதவருக்குப் பெயர்த்துச் சொல்லி, அதை அஃபிடவிட்டிலேயே குறிப்பதுதான் முறை. நீங்கள் கேட்பது சலுகையல்ல.

லா சொசைட்டி என்று எல்லாரும் சொல்லும் வழக்கறிஞர் சங்கத்துக்குப் போவது பற்றி: தோற்றுப்போனதற்காகப் புகார் கொடுக்காதீர்கள். தோல்வி ஒழுங்கீனம் ஆகாது. பணத்தைக் கையாடியது, பொய் சொன்னது, எதிர்த்தரப்புக்கும் வேலை பார்த்தது போன்றவை ஒழுங்குப் புகாரில் வரும். விஷயம் பெரிதென்றால் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுவரை போய், லாயரின் பெயரே வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். வேலை மந்தம், தரம் சரியில்லை என்பதற்கு, சேவைக் குறைபாடு என்று தனி வழி இருக்கிறது. கவனக்குறைவால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் என்றால் அதற்கு இழப்பீட்டு வழக்குத்தான். தீர்ப்பை மாற்றுவது சங்கத்தின் கையில் இல்லை. அதற்கு மேல்முறையீடு, அதன் கெடுவோ நாள்கணக்கில்தான். புகார்க் கடிதம் எழுதிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிட்டால் இரண்டும் போச்சு.

லாயரை மாற்றத் தீர்மானித்தால், "நீங்க வேணாம்" என்று மெசேஜ் போட்டுவிட்டு அடுத்தவரைத் தேடுவது தலைகீழான வரிசை. முதலில் புதியவரைப் பிடியுங்கள். இலவச சட்ட ஆலோசனை முகாம்கள் பொதுவாக லாயர் இல்லாதவர்களுக்கானவை, இரண்டாவது கருத்து கேட்க அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம். பழையவருக்குப் பாக்கி இருந்தால் ஃபைலைக் கொடுக்காமல் நிறுத்திவைக்க அவருக்கு உரிமை உண்டு. கணக்கைத் தீர்ப்பதையோ, தவணை பேசுவதையோ புதியவர் மூலமே செய்யலாம். லாயர் மாறிய அறிவிப்பு நீதிமன்றத்தில் தாக்கலாகும்வரை பழையவர் பெயரில்தான் கடிதங்கள் போகும். விசாரணைக்கு முந்தின வாரம் மாற்றிவிட்டுத் தள்ளிவைக்கச் சொன்னால் நீதிமன்றம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, எதிர்த்தரப்பின் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம்.