எக்ஸ்-பார், ஆர் சார்ட்டுக்குக் கட்டுப்பாட்டு வரம்பு போடுவது எப்படி?

எக்ஸ்-பார் சார்ட் அளவுக் குழுக்களின் சராசரியையும், ஆர் சார்ட் குழுவுக்குள் இருக்கும் வீச்சையும் நேர வரிசையில் காட்டும் வரைபடங்கள். இயல்பான சிதறல் எதுவரை போகும் என்று காட்டும் கோடுதான் கட்டுப்பாட்டு வரம்பு. சிஎன்சி லேத்தில் ஓடும் ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். டிராயிங்கில் விட்டம் 25.000 ± 0.020 மி.மீ. (± 0.020 என்பது டாலரன்ஸ், அனுமதித்த விலகல்). ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் 5 பீஸ்களை அளந்து எழுதுங்கள். அதுதான் ஒரு துணைக்குழு. இப்படி 25 குழு சேர வேண்டும். மைக்ரோமீட்டர் 0.001 மி.மீ. காட்டுவதாக இருக்கட்டும். 0.01 மட்டுமே காட்டும் கருவியில் அளந்தால் வீச்சு (குழுவில் பெரியது கழித்தல் சிறியது) 0, 0.01, 0.02 என்றே வரும்; அந்தச் சார்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வொரு குழுவுக்கும் சராசரியும் வீச்சும் கண்டுபிடியுங்கள். முதலில் ஆர் சார்ட்டைத்தான் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்-பார் வரம்பும் சராசரி வீச்சிலிருந்துதான் வருகிறது. சராசரி வீச்சைப் பெருக்க வேண்டிய எண்கள் அட்டவணையில் இருக்கும். 5 பீஸ் குழுவுக்கு ஆர் சார்ட்டின் மேல் வரம்புக்கு டி4 = 2.114, கீழ் வரம்புக்கு டி3 = 0, எக்ஸ்-பார் வரம்புக்கு ஏ2 = 0.577.

25 குழுவின் சராசரி வீச்சு 12.76 மைக்ரான் (1 மைக்ரான் = 0.001 மி.மீ.) என்று வைப்போம். மேல் வரம்பு 2.114 × 12.76 = 27.0. ஒரு குழுவில் மட்டும் வீச்சு 31. ஷிப்ட் பதிவைப் பார்த்தால் அந்த நேரத்தில் இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் துண்டு) முனை உடைந்து மாற்றியிருக்கிறார்கள். காரணம் கிடைத்ததால் அந்தக் குழுவை நீக்கலாம். காரணம் தெரியாமல், வெளியே போன புள்ளி என்பதற்காகவே நீக்கினால் வரம்பு பொய்யாகக் குறுகும். மீதி 24 குழுவுக்குச் சராசரி வீச்சு 12.0, புதிய மேல் வரம்பு 25.4 மைக்ரான்.

அந்த 24 குழுக்களின் மொத்தச் சராசரி 25.004 மி.மீ. என்றால், 0.577 × 0.012 = 0.0069. எக்ஸ்-பார் மேல் வரம்பு 25.0109, கீழ் வரம்பு 24.9971.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எல்லா அளவுகளையும் எக்செலில் கொட்டி, ஒரே திட்டவிலக்கம் எடுத்து மூன்றால் பெருக்குவார்கள். இன்செர்ட் தேயத் தேய விட்டம் ஏறும் நகர்வும் அதற்குள் கலந்துவிடும். வரம்பு அகன்று, பிடிக்க வேண்டிய நகர்வே உள்ளே ஒளிந்துகொள்ளும். குழுவுக்குள் இருக்கும் சிதறல்தான் அளவுகோல்.

எக்ஸ்-பார் சார்ட்டில் டிராயிங் டாலரன்ஸ் கோட்டையும் போடாதீர்கள். புள்ளி என்பது 5 பீஸின் சராசரி. தனிப் பீஸின் சிதறல் அதைவிட √5 மடங்கு. மேலே சொன்ன கணக்கில் தனிப் பீஸின் திட்டவிலக்கம் 12.0 ÷ 2.326 = 5.16 மைக்ரான் (2.326 என்பது 5 பீஸ் குழுவுக்கான அட்டவணை எண் டி2). அதன் மூன்று மடங்கு 15.5 மைக்ரான்; அப்படியானால் தனிப் பீஸ் 25.0195 வரை போகும். மேல் டாலரன்ஸுக்கு அரை மைக்ரான்தான் மிச்சம். எக்ஸ்-பார் வரம்பு 25.0109-ஐ மட்டும் பார்த்தால் இந்த நெருக்கடி தெரியாது. சராசரியை 25.000-க்கு இறக்க மெஷினில் ஆஃப்செட்டை (டூல் நிலைத் திருத்தத்தை) மாற்றலாம். மாற்றினால் எக்ஸ்-பார் மையக்கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

புள்ளிகள் எல்லாம் மையக்கோட்டை ஒட்டியே ஓடினால் மகிழ வேண்டாம். இரண்டு மெஷின் பீஸ்களை ஒரே குழுவில் கலந்திருப்பார்கள். வீச்சு ஊதி, வரம்பு தேவைக்கு மேல் அகன்றிருக்கும். மெஷினுக்கு ஒரு சார்ட் வையுங்கள்.

ஒரு முறைக்கு ஒரே அளவுதான் கிடைக்கும் என்றால் (வெப்பப் பதப்படுத்தலில் லோடுக்கு ஒரு கடினத்தன்மை அளவு போல) அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசங்களை (கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல்) சராசரி எடுத்து 2.66-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் வரம்பு போடுங்கள். இந்த வித்தியாசமே இங்கே வீச்சு; அதன் மேல் வரம்புக்குச் சராசரி வித்தியாசத்தைப் பெருக்க வேண்டியது 3.267.