ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் எடுக்கப் போறீங்களா? இந்தத் தவறெல்லாம் பண்ணிடாதீங்க

இங்கிலாந்துல காலேஜ்னா டிகிரி இல்ல, 16 வயசுல ஜிசிஎஸ்இ (நம்ம பத்தாங்கிளாஸ் பரீட்சை மாதிரி) முடிச்சுட்டு போற ரெண்டு வருஷம், நம்ம ஊரு பிளஸ் ஒன் பிளஸ் டூ மாதிரி. நான் அந்த ரெண்டு வருஷமும் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்ல பிடெக் லெவல் 3 படிச்சுட்டு அப்புறம் நர்சிங் போனேன். பிடெக்னு சொன்னதும் ஊர்ல சித்தி இஞ்சினியரிங்னு நினைச்சு தெருவுக்கே சொல்லிட்டாங்க, அது வேற இது வேற, இது ஏ லெவலுக்கு, அதாவது இங்க பிளஸ் டூ மாதிரி பாடம் பாடமா எழுதற பரீட்சைக்கு, சமமான தொழில் படிப்பு. ஆனா "சமம்"ங்கறதுலயே முதல் தப்பு நடக்குது. எக்ஸ்டெண்டட் டிப்ளமோ எடுத்தா மூணு ஏ லெவலுக்கு சமம், வெறும் டிப்ளமோன்னா ரெண்டு, எக்ஸ்டெண்டட் சர்டிபிகேட்னா ஒண்ணுதான். பேரு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், என்ரோல்மெண்ட் அன்னிக்கே எதுல சேக்கறாங்கன்னு கேட்டுக்கோங்க.

நம்ம வீடுகள்ல ரொம்ப கேக்கற பேச்சு, "இப்போ இதுல சேரு, அப்புறமா டாக்டருக்கு மாறிக்கலாம்". தயவுசெஞ்சு அப்படி நம்பி சேராதீங்க, இந்தப் படிப்பை மட்டும் வெச்சு மெடிசினுக்கு பொதுவா எடுக்க மாட்டாங்க, ஃபிசியோதெரபி மாதிரி சில கோர்ஸுக்கு நிறைய யூனிவர்சிட்டி பயாலஜி ஏ லெவல் கேப்பாங்க. நர்சிங், சோஷியல் ஒர்க் இதுக்கெல்லாம் நல்ல வழி. அதனால முதல்ல எந்த டிகிரின்னு முடிவு பண்ணி, ஒரு அஞ்சு யூனிவர்சிட்டி பக்கத்துல என்ட்ரி ரிக்வயர்மெண்ட் படிச்சுட்டு அப்புறம் காலேஜ் கோர்ஸ் எடுங்க. யூகாஸ்ங்கறது யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற அமைப்பு, எக்ஸ்டெண்டட் டிப்ளமோவுக்கு வர்ற மூணு கிரேடை அதோட பாயிண்ட்ல பாத்தா, டிஸ்டிங்ஷன் மெரிட் மெரிட்னா 112, மூணும் டிஸ்டிங்ஷன்னா 144, ஆனா ஜிசிஎஸ்இ மேத்ஸ், இங்கிலீஷ்ல கிரேடு 4 (பாஸ்) இல்லன்னா அந்த 144 இருந்தும் கதவு திறக்காது. அதைத் திரும்ப எழுதற ரீசிட்டை ரெண்டாவது வருஷத்துக்குத் தள்ளாதீங்க.

பரீட்சையே இல்லாத படிப்புன்னு நினைச்சு வர்றவங்களும் இருக்காங்க. மனுஷ வளர்ச்சி பத்தின யூனிட், அனாட்டமி யூனிட் எல்லாம் ஹால்ல உக்காந்து எழுதணும்.

அசைன்மெண்ட்லதான் நிறைய பேர் மார்க்கை விடறாங்க. கேள்வில "டிஸ்க்ரைப்"னு இருக்கா "எவேலுவேட்"னு இருக்கான்னு பாக்கறதே இல்ல. உதாரணத்துக்கு டிமென்ஷியா இருக்கற ஒரு பாட்டி குளிக்க மாட்டேங்கறாங்கன்னு கேஸ் ஸ்டடி வருதுன்னு வைங்க. கேரர் (அவங்களைப் பாத்துக்கறவங்க) என்ன செஞ்சாங்கன்னு எழுதினா பாஸ், அவ்வளவுதான். மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005 சொல்றபடி ஒருத்தருக்கு முடிவெடுக்கற திறன் இல்லன்னு காட்டப்படற வரைக்கும் இருக்குன்னுதான் எடுத்துக்கணும், அப்போ அந்த பாட்டியோட மறுப்பை எப்படி மதிக்கறது, தோல் புண்ணாகாம எப்படி பாத்துக்கறது, ரெண்டுல எதை எப்போ விட்டுக்குடுக்கலாம், ஏன், இதை எடை போட்டு எழுதினாத்தான் டிஸ்டிங்ஷன் பக்கம் போக முடியும். அப்புறம் டெட்லைன். நேரத்துக்குக் குடுத்தவங்களுக்குத்தான் திருத்தி இன்னொரு தடவை குடுக்கற வாய்ப்பு, லேட்டானா பொதுவா அது போயிடும்.

நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணு சொல்றேன். முதல் பிளேஸ்மெண்ட் (படிக்கும்போதே போய் வேலை பழகறது) ரிப்போர்ட்ல கேர் ஹோம்ல, அதாவது முதியோர் இல்லத்துல, இருந்த ஒரு அம்மாவோட பேரு, ரூம் நம்பர், என்ன மாத்திரை சாப்பிடறாங்க எல்லாத்தையும் அப்படியே எழுதிட்டேன், அக்கறையா எழுதினதா நினைச்சுட்டு. டீச்சர் முழுசா படிக்காம திருப்பிக் குடுத்து, "அவங்க பொண்ணு இதைப் படிச்சா எப்படி இருக்கும்"னு மட்டும் கேட்டாங்க. அன்னிக்கு புரிஞ்சது, இன்னும் வார்டுல அது காதுல கேக்கும். பேரை மாத்துங்க, இடத்தை எடுத்துடுங்க.

பிளேஸ்மெண்ட் தேடறதை காலேஜ் பாத்துக்கும்னு சும்மா இருக்காதீங்க, டிபிஎஸ் செக் (குற்றப் பதிவு இருக்கான்னு பாக்கற சோதனை) வர்றதுக்கே நாளாகும். டி லெவல்னு இன்னொரு தொழில் படிப்பு இருக்கு, அதை எடுக்கறவங்களுக்கு குறைஞ்சது 315 மணி நேர பிளேஸ்மெண்ட் வேற.

விசா விஷயம் பெத்தவங்களுக்கு. வொர்க் விசால வந்த குடும்பத்துக்கு காலேஜ் ஃபீஸ் பெரும்பாலும் வராது, அதனால யூனிவர்சிட்டியும் அப்படித்தான்னு இருந்துடறாங்க. ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா தங்கற அனுமதி) மாதிரி நிலை இல்லன்னா பொதுவா ஸ்டூடண்ட் லோன் கிடைக்காது, வெளிநாட்டு ஃபீஸ் கேப்பாங்க. நர்சிங்குக்கு வருஷம் 5,000 பவுண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத கிராண்ட் இருக்கு, அதுவும் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸுக்கு தகுதி இருக்கறவங்களுக்குத்தான். பிள்ளை முதல் வருஷம் படிக்கும்போதே இதை விசாரிச்சுடுங்க.

கடைசியா பர்சனல் ஸ்டேட்மெண்ட், யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணும்போது நம்மளைப் பத்தி எழுதறது. 2026ல சேர்றவங்கள்ல இருந்து அது மூணு கேள்வியா மாறிடுச்சு, மொத்தம் 4,000 எழுத்து. "எனக்கு மத்தவங்களுக்கு உதவி பண்ணப் பிடிக்கும்"னு எல்லாரும் எழுதறாங்க, அதை எழுதி இடத்தை வீணாக்காதீங்க. என் கேர் ஹோம்ல ஒரு சீனியர் கேரர் அக்கா இருந்தாங்க. ஞாபகம் போன ஒரு தாத்தாகிட்ட தினமும் மூணு மணிக்கு சர்க்கரை டப்பாவைக் காட்டி "ஒண்ணா, ரெண்டா?"னு கேப்பாங்க, அவர் எப்பவும் ரெண்டுதான், எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர் விரலைத் தூக்கற வரைக்கும் ஸ்பூனைக் கையில பிடிச்சுட்டு நிப்பாங்க. இன்டர்வியூல டிக்னிட்டின்னா என்னன்னு கேட்டப்போ நான் இதைத்தான் சொன்னேன். பிளேஸ்மெண்ட் முடிஞ்சு பஸ்ல வரும்போதே அன்னிக்குப் பாத்ததை பேரில்லாம நாலு வரி எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வராது.