நாசு எரிமலைக்கு ஒரு நாள் நடை: காரைக்குடியிலிருந்தே திட்டமிடும் விதம்

முப்பத்தொரு வருடம் தேவகோட்டையில் புவியியல் பாடம் நடத்தினேன். எரிமலையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. சிவப்பு சாக்பீஸில் பாறைக்குழம்பு, வெள்ளையில் புகை. ஓய்வு பெற்ற பிறகு, டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனபோதுதான் உண்மையான எரிமலைமேல் கால் வைத்தேன். இன்று காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளை ஜப்பானில் வைத்திருக்கும் வீடுகள் கூடிவிட்டன. பேரப்பிள்ளை பார்க்கக் கிளம்புகிறவர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி, “ஆச்சி, ஃபூஜி மலை ஏறலாமா?” என்பதுதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபூஜியை ஒரே நாளில் ஏறி இறங்கத் திட்டம் போடாதீர்கள். உயரம் 3,776 மீட்டர். ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் ஏறும் பருவம். 2025 முதல் 4,000 யென் கட்டணம் உண்டு. வழியில் உள்ள குடிலில் இடம் பதியாதவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் விடுவதில்லை. தூங்காமல் இரவோடு இரவாக ஏறி மூச்சுத் திணறி விழுகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நமக்கு வேண்டியது காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய மலை. நான் சொல்வது தோச்சிகி மாவட்டத்தில், நிக்கோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சௌசு-தாக்கே. நாசு மலைத்தொடரில் உள்ளது; உயரம் 1,915 மீட்டர். தாக்கே என்றால் சிகரம். சௌசு என்பது தேயிலை அரைக்கும் திருகைக் கல். பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கிடக்கும் உளுந்துத் திருகை நினைவுக்கு வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மலையும் அப்படித்தான், தலை மழுங்கி உட்கார்ந்திருக்கிறது.

டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் நாசு-ஷியோபாரா வரை ஒன்றேகால் மணி நேரம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நாசுனோ என்று பெயருள்ள ரயில் நிற்கும். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியான ரோப்வேயின் அடிவார நிலையம். ரோப்வே நாலே நிமிடத்தில் 1,684 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். மீதி நம் காலில்தான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் உயிருள்ள எரிமலைகள் என்று கணக்கில் உள்ளவை 111. அவற்றில் முக்கியமானவற்றுக்கு அந்நாட்டு வானிலை முகமை ஒன்று முதல் ஐந்து வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. இரண்டு என்றால் எரிமலை வாயை நெருங்கக் கூடாது; மூன்று என்றால் மலைப்பக்கமே போகக் கூடாது. நான்கும் ஐந்தும் ஊர் மக்கள் வெளியேறுவது பற்றியவை. ஒன்று என்றால் ஆபத்தே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஓந்தாக்கே மலை 2014 செப்டம்பர் 27 அன்று பகல் 11:52க்கு வெடித்தபோது அது நிலை ஒன்றில்தான் இருந்தது. சனிக்கிழமை, நல்ல வெயில், இலை நிறம் மாறும் பருவம், உச்சியில் பலர் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்திருந்த நேரம். 58 பேர் இறந்தார்கள். ஐந்து பேர் கிடைக்கவே இல்லை. அதுவரை ‘இயல்பு’ என்று குறித்துவந்த நிலை ஒன்றை 2015இல் ‘இது உயிருள்ள எரிமலை என்பதை மனத்தில் கொள்க’ என்று மாற்றினார்கள்.

அன்று பாறைக்குழம்பு மேலே வரவில்லை. நிலத்தடி நீர் சூடேறி ஒரே கணத்தில் ஆவியானது, பாறையைப் பிளந்தது. வகுப்பில் இதை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீடை தெரியும். மாவில் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால், காய்ந்த எண்ணெயில் போட்டதும் வெளிப்பக்கம் இறுகிவிடும், உள்ளே ஆவி போக வழியில்லாமல் சீடை வெடிக்கும். எந்தச் சீடை வெடிக்கும் என்று வாணலியின் முன் நிற்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் என் அப்பத்தா சீடை போட்டதும் இரண்டடி தள்ளி நிற்பார். எரிமலையிலும் அதே புத்திதான்: நிலை ஒன்று என்று தெரிந்த பிறகுதான் போக வேண்டும், போனாலும் வாய்ப்பகுதியில் அதிக நேரம் உட்காரக் கூடாது. சாப்பாட்டை அங்கே பிரிக்காதீர்கள். முகமையின் இணையதளத்தில் ஆங்கிலத்திலும் நிலை தெரியும்; முந்தின நாள் இரவு ஒரு முறை, காலையில் கிளம்பும்போது ஒரு முறை பாருங்கள்.

நாசுவில் அன்றாட ஆபத்து வெடிப்பைவிடக் காற்று. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2024 அக்டோபரில் முதல் முறை போனபோது அடிவாரத்தில் வானம் நீலமாக இருந்தது. ரோப்வே ஓடவில்லை, மேலே காற்று. “ஆத்தா, நடந்தே போய்விடலாம்” என்றான் மகன். போனோம். மரங்கள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மரங்கள் முடிந்து, மினே-நோ-சாயா என்ற கணவாய்க்குப் போகும் திறந்த சரிவுக்கு வந்ததும் காற்று பக்கவாட்டில் அடித்தது. தூக்கிய காலை நினைத்த இடத்தில் வைக்க முடியவில்லை. மகன் கத்தியது இரண்டடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. வாயசைப்பைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்: திரும்பலாம் என்கிறான். திரும்பினோம். அதற்கு முந்தின வருடம், 2023 அக்டோபரில், பக்கத்துச் சிகரமான அசாஹி-தாக்கேயில் பலத்த காற்றிலும் குளிரிலும் நான்கு பேர் இறந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். ரோப்வே காற்றுக்காக நின்றுவிட்டால் அன்றைக்கு மலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நாசு-யுமோத்தோ என்ற ஊரில் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

ஆகவே, ஒரே தேதியை நம்பிப் போகாதீர்கள். மூன்று மாதம் தங்கப் போகிறவர்களுக்கு இது எளிது: நான்கைந்து தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, வானிலை பார்த்து முந்தின நாள் முடிவு செய்யுங்கள். அடிவார ஊரின் வானிலையைப் பார்த்தால் போதாது, உச்சியின் காற்று வேகத்தைப் பாருங்கள். மே கடைசியும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் அழகான பருவம். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் ரோப்வே ஓடாது. பனியில் நடக்கப் பழகாத நமக்கு அங்கே வேலையும் இல்லை.

நேரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கடைசி ரோப்வே எத்தனை மணிக்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பஸ் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். காரைக்குடி–மதுரை பஸ்போல ஒன்று போனால் அடுத்தது என்று கிடையாது. கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டமிடுங்கள். சுற்றி வரும் பாதையை இளையவர்கள் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எனக்கு நான்கு ஆனது. காலை 9:30க்கு ரோப்வே வாசலில் நிற்க வேண்டும் என்றால், டோக்கியோவில் விடியற்காலை ரயில். அக்டோபரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். எந்த இடத்தில் இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போன பிறகு பேசினால், உச்சி இதோ தெரிகிறதே என்று கால் கேட்காது.

உடம்பைத் தயார் செய்வதற்கு நம் ஊரே போதும். தைப்பூசத்துக்குப் பழனி நடந்த காலுக்குத் தூரம் பயமில்லை. எனக்கும் ஏழு முறை நடந்த காலின்மேல் நம்பிக்கை இருந்தது. ஆனால் பழனிப் பாதை சமதளம். எரிமலையில் காலடியில் சரளை உருளும், இறக்கத்தில் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். முதல் பயணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து குன்றக்குடி சண்முகநாதர் கோயில் படிகளை வாரம் மூன்று நாள், விடியலில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாகச் செய்தேன். கடைசி மாதம் ஞாயிறுதோறும் பிரான்மலை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் அந்த மலையில் கல்லும் முள்ளும் உண்டு. ஷூவைப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை. புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள்.

உடை விஷயத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கண்டாங்கி கட்டிப் பழகிய எனக்குப் பருத்தியைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை. மலையில் மட்டும் அது கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். காற்று பட்டதும் உடம்புச் சூட்டைப் பறித்துவிடும். உள்ளே சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத அங்கி. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 25 டிகிரி என்றால் உச்சியில் 13 அல்லது 14. காற்று சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டாம் முறை நான் கத்திரி வெயிலில் காரைக்குடியை விட்டுக் கிளம்பினேன். பத்து நாள் கழித்து அந்த மேட்டில் கையுறை இல்லாமல் நிற்க முடியவில்லை.

சாப்பாடு. மாவுருண்டை, கைமுறுக்கு, தேன்குழல் கொண்டுபோங்கள். நெய்யும் பயற்றுமாவும் சர்க்கரையும் சேர்ந்த மாவுருண்டை இரண்டு தின்றால் ஒரு மணி நேரத்துக்குக் கால் கேட்கும். உப்புக்கண்டம் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். ஜப்பானுக்குள் இறைச்சிப் பண்டம் எதுவும் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவையும் உரிய சான்றிதழ் இல்லாமல் நுழையாது. அங்கே கடையில் வாங்குவதென்றால், உமேபோஷி என்னும் உப்பிலிட்ட புளிப்புக் கனி வைத்த சோற்றுருண்டை கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், மீன்சாறு பல பண்டங்களில் கலந்திருக்கும். தண்ணீர் ஒன்றரை லிட்டர், சுடுநீர்க் குடுவை ஒன்று. கழிவறையை ரோப்வே நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், நடைபாதையில் கிடையாது. குப்பையை நாமே திருப்பி எடுத்து வர வேண்டும்.

தோசான் தொதோகே என்ற மலையேற்ற அறிக்கையை எழுதிக் கொடுங்கள். யார், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவோம், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். இணையத்திலும் பதியலாம். என் மகன் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான் பிடிவாதமாக எழுத வைத்தேன். ஒரு பிரதி வீட்டில் மருமகளிடம் இருந்தது. யாமாப் என்ற செயலியில் வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் இடம் தெரியும். அவசர எண்கள்: காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. தலைக்கவசம், நெற்றி விளக்கு, கரடிக்காக ஒரு சிறு மணி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மலைக்குப் போகவே வேண்டாம். கந்தக வாயு மூச்சுக்குழாயைப் பிடித்துவிடும்.

இனிப் பாதை. ரோப்வே மேல் நிலையத்திலிருந்து உச்சிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி. முதலில் சரளை, பிறகு பெரிய பாறைகள். மேகம் இறங்கினால் பாறைகளில் வண்ணத்தில் போட்ட குறிகளைப் பார்த்து நடக்க வேண்டும்: வட்டம் என்றால் வழி, பெருக்கல் குறி என்றால் போகாதே. ஏறுகிறவர்களுக்கு இறங்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், “கொன்னிச்சிவா” என்பார்கள். நாமும் சொல்ல வேண்டும். உச்சியில் சிறு கோயிலும் அதற்கு முன் ஒரு தோரண வாயிலும் இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு, எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றி வந்து, வடக்கே மினே-நோ-சாயாவில் உள்ள குடிலுக்கு இறங்கினோம். அங்கிருந்து மேற்குச் சரிவை ஒட்டி உஷிகாகுபி என்ற இடம் வரை போகும் பாதை ஏறக்குறைய மட்டம். அதன் வழியே மறுபடி ரோப்வேக்கே வந்துவிடலாம், முழங்கால் தப்பிக்கும்.

அந்தச் சரிவுக்கு முகென் ஜிகோகு என்று பெயர். பௌத்தர்கள் அவீசி என்று சொல்லும் இடையறாத நரகத்தின் ஜப்பானியப் பெயர் அது. முன்பு இந்த மலையில் கந்தகம் வெட்டி எடுத்தார்கள். பாறை இடுக்குகளிலிருந்து வெள்ளை ஆவி சீறிக்கொண்டே இருக்கிறது. குக்கர் விசில் நிற்காமல் அடித்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு இடுக்கின் உதட்டிலும் மஞ்சள் பூத்திருந்தது. சாக்பீஸ் மஞ்சள் இல்லை, அரைத்த பசுமஞ்சளும் இல்லை. எலுமிச்சைத் தோல் காய்வதற்கு முன் இருக்கும் நிறம். கிட்டத்தில் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள், கோலப்பொடியைவிட மெல்லியவை. முப்பத்தொரு வருடம் நான் வெள்ளையில் வரைந்த புகைக்கு இப்படி ஒரு ஓரம் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். ஒரு துண்டாவது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கை துடித்தது. தேசியப் பூங்கா, எடுக்கக் கூடாது. பாதையை விட்டு விலகவும் கூடாது. படம் எடுத்துக்கொண்டு, வாயில் ஈரத்துணியோடு அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்தோம்.

இறங்கிய பிறகு பஸ் நாசு-யுமோத்தோ வழியாகத்தான் போகும். அங்கே ஷிகா-நோ-யு என்ற மிகப் பழைய வெந்நீர்க் குளியல் இடத்தில், மரத்தொட்டிகளில் 41 டிகிரியிலிருந்து படிப்படியாகச் சூடு ஏறும் கந்தக நீர் இருக்கிறது. பெண்களுக்குத் தனிப் பகுதி. உடை இல்லாமல்தான் இறங்க வேண்டும். முதலில் வெளியே நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். கூச்சம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். எனக்கு 42 போதுமாக இருந்தது. முழங்கால் வலி அங்கேயே பாதி இறங்கியது. வெள்ளி நகை எதுவும் இருந்தால் மலைக்குக் கிளம்பும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். என் கால் மெட்டி இரண்டும் அன்று மாலை அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. மகன் வீட்டில் திருநீறு போட்டு அரை மணி நேரம் தேய்த்த பிறகுதான் வெளுத்தன.