புல்வெளியைப் பென்சிலால் வரைய ஒரு குறிப்பு

உதகையை அடுத்த வென்லாக் டவுன்ஸ் புல்வெளியை வரைய அமர்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு புல் இலையையும் கோடாக இழுக்கத் தொடங்குவதால், படத்தில் முள்கம்பிதான் மிஞ்சுகிறது. காகிதத்தின் வெண்மையையே இலையாக விட்டுவிட்டு, இலைகளுக்கிடையே அடித்தூரில் தெரியும் சிறுசிறு முக்கோண இருட்டுகளை மட்டும் 4பி என்ற மென்மையான, கருமையான பென்சிலால் அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு 2எச் என்ற கடினமான, வெளிறிய கோடு தரும் பென்சிலை அடியிலிருந்து நுனி நோக்கி, அழுத்தம் படிப்படியாகக் குறையுமாறு வீசி இழுத்தால் நுனி தானாகவே கூர்மையாகும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் காகிதத்தில் இலைக் கோடுகளை முன்பே கீறி வைத்தால், அதன்மேல் தீட்டும்போது மெல்லிய வெள்ளை இலைகள் எழும். அதற்குக் காகிதம் கெட்டியாக இருப்பது அவசியம். மலைப்புல் குத்துக்குத்தாக வளர்வதால், பூங்காப் புல்தரைபோல ஒரே சீராக நிரப்புவது பொருந்தாது. தொலைவிலுள்ள சரிவுகளுக்கு எச்பி என்ற நடுத்தரப் பென்சிலின் மங்கலான நிழலே போதும்.