குட்டி யானையா, மூடிய வேனா: தொழிலுக்கு வண்டி பார்ப்பவர்களுக்கு

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ராத்திரி வண்டிக்குள் என்ன கிடக்கும்? டிரில்லிங் மெஷின், பைப் ரெஞ்ச், ஒயர் காயில் எல்லாம் வண்டியிலேயே தங்கும் தொழில் என்றால் மாருதி ஈகோ கார்கோ மாதிரி மூடிய வேன். காலையில் ஏற்றி மாலைக்குள் இறக்கிவிடும் தொழில் என்றால் திறந்த பாடி உள்ள பிக்கப்: டாடா ஏஸ் (அதுதான் குட்டி யானை), தோஸ்த், பொலேரோ பிக்கப். மாடியில் குடியிருக்கும் பிளம்பர் குட்டி யானை வாங்கினால் தினமும் இரண்டு தடவை கருவிப் பெட்டியைச் சுமந்து படியேற வேண்டியதுதான்.

அடுத்து, இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு விஷயம் குறித்து வையுங்கள்: அன்றைய மொத்த எடை, மிக நீளமான சாமான், மிக உயரமான சாமான், நனையக் கூடாதது. மாதம் ஒருமுறை வரும் பெரிய லோடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வாடகை வண்டி மலிவு.

எடைக் கணக்கை விளம்பரத்தில் பார்க்க வேண்டாம். பாடி கட்டி, டேங்க் நிரப்பி, ஓட்டுநரும் உதவியாளரும் உட்கார்ந்தபடி எடை மேடையில் ஏற்றுங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து (வண்டியும் லோடும் சேர்த்து அனுமதித்த எடை) அதைக் கழித்தால் மிச்சம்தான் உங்கள் லோடு. மிச்சம் 700 கிலோ என்றால் சிமென்ட் 14 மூட்டை, அவ்வளவுதான். ஏமாற்றுவது மணல். எம்-சாண்ட் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ. கால் யூனிட், அதாவது 25 கன அடி, 1,100 கிலோவைத் தாண்டும். பாடி பாதிதான் நிறைந்திருக்கும், அதற்குள் பின் ஸ்பிரிங் பட்டைகள் படிந்துவிடும். பிடிபட்டால் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000.

நீளத்துக்கு டேப் எடுத்துப் போங்கள். ஏஸின் லோடு பாடி சுமார் 7 அடி. 8-க்கு 4 பிளைவுட் ஏற்றினால் பின்கதவு மூடாது. தச்சு வேலைக்கு 8 அடிக்கு மேல் பாடி உள்ள வண்டி பாருங்கள். 20 அடி பிவிசி பைப் எதிலும் அடங்காது. ஏஸின் முழு நீளமே பன்னிரண்டரை அடிதான். கேபினுக்கு மேல் நீட்டிக் கட்டினால் வேகத்தடை தோறும் வால் துள்ளி, கட்டிய இடத்தில் விரிசல் விடும். கடையிலேயே பத்து பத்து அடியாக வெட்டி, பைப்புக்கு ஒரு கப்ளிங் கூடுதலாக வாங்கிக்கொள்வது மேல்.

வேனில் அகலத்தைச் சுவருக்குச் சுவர் அளக்காமல், சக்கர மேடுகளுக்கு இடையே அளந்து பாருங்கள். பெரிய ஃபிரிட்ஜ் நிமிர்ந்து நிற்காது. படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும், நிமிர்த்தியதும் பிளக் செருகக் கூடாது. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பித் தடுப்பு கட்டாயம். பிரேக் அடித்தால் ஐந்து கிலோ சுத்தியல் நிற்காது, முன்னால் வரும். தின்னர், வெல்டிங் சிலிண்டர் ஏற்றும் தொழிலுக்கு மூடிய வேனே வேண்டாம். கசிந்த வாயு போக வழியில்லை. வேனின் பெரிய லாபம் உயரம்: ஆறடிதான் என்பதால் அடுக்குமாடிகளின் அடித்தள பார்க்கிங்கில் நுழையும். கூடு கட்டிய பிக்கப் வெளியே நிற்கும்.

பிக்கப்பில் மழைதான் எதிரி. தார்ப்பாயின் முன் ஓரத்தை முன்வரிசை மூட்டைகளுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். மேலே விட்டால் காற்று புகுந்து உப்பி, கயிறு போடும் வளையங்கள் பிய்ந்துவிடும். இரண்டு பாய் என்றால் பின்பாயை முதலில் போட்டு, முன்பாயின் ஓரம் அதன் மேல் வரட்டும். கயிறு குறுக்கும் மறுக்கும். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும்.

கனமானதைக் கேபினை ஒட்டி, பின் ஆக்ஸிலுக்கு முன்னால் அடுக்குங்கள். பின்னால் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி குறையும். காலி பிக்கப் ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கும், பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். ஆட்களைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். விபத்தானால் இன்ஷூரன்ஸ் கைவிடும்.

காகித வேலையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் மஞ்சள் போர்டு. எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பர்மிட் தேவையில்லை; பெரிய பிக்கப் வகைகளில் இதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஆசைப்பட்டு ஏஸில் முழுக் கூடு கட்டுபவர்கள் அதிகம். கூட்டின் எடை லோடில் கழியும், ஆர்சியிலும் பதிய வேண்டும். அதற்குப் பதில் கேபினை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்தில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றை போல்ட் போட்டு இறுக்கினால், கருவிகள் ராத்திரி அங்கேயே இருக்கும், ஐந்தரை அடி லோடுக்கு மிஞ்சும்.