கடல் இருக்கிறது என்ற தைரியத்தில் சென்னைவாசிகள் செய்யும் தவறுகள்

டெல்லி மூச்சுத் திணறும் செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: நமக்குக் கடல் இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. கடல் நாள் முழுவதும் நமக்காக வேலை செய்வதில்லை.

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நகருக்குள் நுழையும். இரவில் நிலம் குளிர்ந்ததும் திசை மாறும். மாலையில் மெரினாவில் சோளம் சுடுகிறவரின் அடுப்பைக் கவனியுங்கள், பொறி காமராஜர் சாலைப் பக்கம் பறக்கும். தை மாத விடியற்காலையில் அதே மணலில் கடலைப் பார்த்து நின்றால், பெரும்பாலும் காற்று முதுகில் படும். அது ஊருக்குள்ளிருந்து வருகிற காற்று. அலைக்குப் பக்கத்தில் நடப்பதாலேயே கடற்காற்றைச் சுவாசிக்கிறோம் என்று நம்புவதுதான் முதல் தவறு. எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கோ கடற்காற்றே சில சமயம் வில்லன்: கரையோரப் புகைபோக்கிகளின் புகையை அதுதான் குடியிருப்புகள் மேல் தள்ளுகிறது.

அடுத்தது, மார்கழி பிறந்ததும் கைப்பேசிகளில் சுற்றும் ஓசோன் கதை. அதிகாலையில் ஓசோன் தரைக்கு இறங்குகிறதாம், அதைச் சுவாசித்தால் ஆயுள் கூடுமாம். நம்மைக் காக்கும் ஓசோன் படலம் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாசலில் கோலம் போடுகிறவர்களைத் தேடி அது இறங்கி வருவதில்லை. தரையருகே உருவாகும் ஓசோன் வேறு வகையில் பிறப்பது. வாகனப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது அது, நுரையீரலை எரிச்சலூட்டும். வெயில் வேண்டும் என்பதால் அது கூடுவது பிற்பகலில். விடிவதற்கு முன் மிகக் குறைவு. ஆக, இந்தக் கதை இரண்டு முறை தப்பு. கோலம் போடுங்கள், பஜனைக்குப் போங்கள். அதற்குச் சாட்சியாக ஓசோனை இழுக்க வேண்டாம்.

மார்கழி விடியலில் உண்மையில் நடப்பது வேறு. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே அதைவிட வெப்பமான காற்று மூடியாகப் படியும். புகை மேலே போக வழியில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பாமல், வெயில் ஏறி அந்த மூடி கலைந்த பிறகு நடப்பதே நல்லது. இந்த மூடிக்கு அடியில்தான் போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துகிறோம். மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகிற அளவுக்குப் புகை நின்ற போகிகள் உண்டு. அதைப் பனி என்று சொல்லி ரசிக்கிறவர்களும் உண்டு; கண் எரிந்தால் பனியல்ல.

காற்றுத் தரக் குறியீட்டைப் படிப்பதிலும் குழப்பம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், நுண்துகளைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரி. காலை மூன்று மணி நேரம் புகைந்த போகியும் அந்தச் சராசரியில் கரைந்து சாதுவாகத் தெரியும். ‘சென்னைக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை எண்ணும் போதாது. மணலி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி எனத் தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு அருகிலுள்ளதைப் பாருங்கள். கூடவே காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள்.

மழை பெய்தால் எல்லாம் கழுவிவிடும் என்பதும் முழுச் சரியல்ல. பெரிய தூசி எளிதில் படிந்துவிடும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அவ்வளவு சுலபமாக இறங்காது. தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வருவதால் நாம் தப்பிக்கிற ஆண்டுகள் இருக்கின்றன. மழையும் இல்லாமல் காற்றும் அசையாத இரவாக அமைந்தால், அதே பட்டாசு வேறு கணக்கு காட்டும்.

கைக்குட்டையை மூக்கில் கட்டுவது நுண்துகளைத் தடுக்காது; என்95 முகக்கவசம், அதுவும் முகத்தோடு ஒட்டிப் படிந்தால், தடுக்கும்.

போகிப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறவர்கள், உள்ளே சாம்பிராணியும் கொசுவர்த்தியும் ஏற்றிவிட்டு மாலை வரை திறக்க மறந்துவிடுகிறார்கள். வெளியே வெயில் ஏறிப் புகை கலைந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கடற்காற்று வந்த பிறகு இன்னும் நல்லது.