மழை மலையில் அரிய புத்தகத்துக்கு ஓர் உறைப்பெட்டி

ஈய எழுத்தைக் கையால் கோத்துத் தடித்த தாளில் அச்சடித்த புத்தகத்தைத் தடவினால், எழுத்தின் பள்ளம் விரலில் தட்டுப்படும். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கியதே இப்படி ஒரு புத்தகம் வேண்டும் என்றுதான். அப்படியொன்று கையில் இருந்தால் வெளிச்சம், தூசி, உரசல் மூன்றிலிருந்தும் காப்பாற்ற ஸ்லிப்கேஸ் வேண்டும், அதாவது ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த உறைப்பெட்டி. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஈரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வெயில் நாளில் அளக்காதீர்கள். தாள் ஈரத்தைக் குடித்து உப்பும். வெயிலில் அளந்து செய்த பெட்டி ஆடி மழையில் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலு நாள் மழைக்குப் பிறகு அளந்து பாருங்கள். பதுளைக்காரர்களுக்கு மார்கழி மழை சரி.

புத்தகம் 240 மி.மீ. உயரம், 160 அகலம், 25 தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. பைண்டிங் அட்டையில் பக்கங்களுக்கு 246 x 163 அளவில் இரண்டு, முதுகுக்கு 246 x 27 அளவில் ஒன்று, மேலுக்கும் கீழுக்கும் 161 x 27 அளவில் இரண்டு வெட்டுங்கள். அட்டையை மெல்ல வளைத்தால் ஒரு திசையில் சுலபமாகச் சுருளும்; அந்தச் சுருளின் நீளவாக்கு பக்க அட்டைகளின் உயரத்தோடு போகவேண்டும். மாறினால் ஈரத்தில் கோணும்.

பெட்டியின் வாய் வரும் ஓரத்தில், இரு பக்க அட்டைகளிலும் பெருவிரல் அளவுக்கு அரைவட்டம் வெட்டுங்கள். அப்புறம் உட்பக்கத்தில் அமிலமில்லாத வழுவழுப்பான மெல்லிய தாளை ஒட்டுங்கள். வெறும் அட்டை புத்தகத்தின் மேலுறையைத் தேய்த்துவிடும்.

ஒட்ட வெள்ளை பைண்டர் கம் போதும். கோதுமை மா பசை பூச்சியையும் பூஞ்சணத்தையும் கூப்பிடும். ஒரு பக்க அட்டையைத் தரையில் கிடத்தி, அதன் ஓரங்களின் மேல் முதுகு, மேல், கீழ்த் துண்டுகளை நிறுத்தி ஒட்டுங்கள். காய்ந்ததும் மறுபக்கத்தை மூடுங்கள். வாயைக் கீழே சரித்தால் புத்தகம் பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கவேண்டும். கையில் தாங்கிக்கொண்டே பாருங்கள்.

வெளியே பருத்தித் துணி அழகு. கம் ஊறிக் கறை படாமலிருக்க முதலில் துணியின் பின்னால் மெல்லிய தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி முதுகைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய், ஓரங்களில் 15 மி.மீ. விட்டு மடியுங்கள். அரைவட்டத்தில் சின்னச் சின்னதாகக் கத்தரித்தால்தான் துணி உள்ளே மடியும். மேலும் கீழும் தனித் துண்டு.

இனிப் பொறுமை. என் முதல் பெட்டியில் மறுநாளே புத்தகத்தை வைத்துவிட்டேன். பத்து நாளில் அட்டை ஓரமெல்லாம் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சணம். இன்றும் அந்தக் கறை போகவில்லை. கம்மின் ஈரம் உள்ளேயே அடைபட்டிருந்தது. இப்போது வாயைத் திறந்தபடி ஒரு கிழமை காயவிடுகிறேன், மழையென்றால் இரண்டு கிழமை.

அலுமாரியில் முதுகு வெளியே தெரிய நிமிர்த்தி வையுங்கள். பின்சுவரில் ஒட்டவேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். மாதம் ஒரு முறை, வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்து வெளியே எடுத்துப் புரட்டுங்கள்.